மொரீன் ஓஹாரா: ஹாலிவுட் வீணடித்த நடிகையா, சிவப்புக் கூந்தல் மட்டும்தானா?

பழைய_டாக்கீஸ்:
திட்டு வாங்கத் தயாராகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அயர்லாந்து தந்த மாபெரும் திரை நடிகை என்று மொரீன் ஓஹாராவைக் கொண்டாடாத பழைய பட ரசிகரே இல்லை. 1920இல் டப்ளினில் பிறந்து, 14 வயதில் அங்கேயே ஆபி தியேட்டர் என்ற நாடக அரங்கில் சேர்ந்து, 1939இல் ஹிட்ச்காக்கின் 'ஜமைக்கா இன்' படத்தில் கதாநாயகி. அதே ஆண்டில் ஹாலிவுட்டில் 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டேம்' படத்தில் கதாநாயகி எஸ்மரால்டா. தொடக்கம் பிரமாதம், மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 'டெக்னிகலரின் ராணி' என்று ஒரு பட்டம் (டெக்னிகலர் என்பது அக்கால வண்ணப்பட முறை). கடற்கொள்ளையர் படம், பாக்தாத் படம், பாலைவன இளவரசி, வாள் ஏந்திய வீராங்கனை, மறுபடியும் கடற்கொள்ளையர். பச்சைக் கண்ணும் சிவப்புக் கூந்தலும் வண்ணப் படச்சுருளில் ஜொலித்தன, சரி. ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஆஸ்கர் பரிந்துரை கிடையாது. அவரைப் போலவே சிவப்புக் கூந்தல் உள்ள நடிகை டெபோரா கெர் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டார். 2014இல், 94 வயதில், கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்களே, அது ஆறுதல் பரிசு. அழகு இருந்தது, திமிர் இருந்தது. நடிப்பு எங்கே என்று யாராவது காட்டுங்கள்.

கயல்:
காட்டுகிறேன் சார். 1940, 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்'. இயக்கியவர் டொரதி ஆர்ஸ்னர். அன்றைய ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் படம் இயக்க இருந்த ஒரே பெண் அவர்தான் என்றே சொல்லலாம். மொரீனுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை.

கதையில் அவர் ஜூடி, பாலே ஆட ஆசைப்படும் பெண். வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மலிவான கேளிக்கை அரங்கில் வேலை. சக நடிகை லூசில் பால் கவர்ச்சியாக ஆடி முடித்ததும், இவள் வந்து பாலே ஆட வேண்டும். ஆண்கள் கூச்சல் போட்டு விரட்டுவார்கள். அந்தக் கூச்சலுக்காகத்தான் சம்பளமே. ஒரு நாள் ஜூடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடை நுனிக்கு வருகிறாள். கத்தவில்லை, அழவில்லை. கூட்டத்தைப் பார்த்து, உங்களைப் பற்றி எங்களுக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா என்று பேசுகிறாள். வீட்டில் உங்கள் மனைவிமாருக்கும் இதே எண்ணம்தான் என்கிறாள். அரங்கம் அப்படியே அடங்குகிறது. கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும்போது அவர்கள் நெளிவதைப் பார்க்கலாம்.

குரலை உயர்த்தாமல் கோபத்தைக் கடைசிவரை இழுத்துப்பிடித்துக்கொண்டு போகிறாரே, அது நடிப்பு இல்லை என்றால் எது நடிப்பு?

வெட்டிப்பேச்சு:
பாப்கார்ன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நடத்துங்கள்.

பழைய_டாக்கீஸ்:
கயல், அந்தக் காட்சி நல்ல காட்சி. ஆனால் படம் வெளியானபோது படுதோல்வி. 1970களில் பெண்ணிய விமர்சகர்கள் தோண்டி எடுத்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே பலருக்கும் தெரிய வந்தது. பெருமையில் பெரும்பங்கு ஆர்ஸ்னருக்கும் வசனம் எழுதியவர்களுக்கும்தான் போகும். ஒரு காட்சியை வைத்து முப்பது வருடத் தொழிலை அளக்க முடியாது.

சரி, எல்லோரும் தலையில் வைத்து ஆடும் 'தி குவயட் மேன்' (1952) படத்துக்கே வருவோம். ஜான் வெய்ன் மனைவியை ரயில் நிலையத்திலிருந்து வயல்வெளி வழியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார். ஊரே வேடிக்கை பார்த்தபடி பின்னால் வருகிறது. ஒரு பெண்மணி, அடிப்பதற்கு வசதியாக நல்ல குச்சி ஒன்றை நீட்டுகிறார். இதுதான் அவருடைய உச்சமா?

ரீல்பெட்டி:
இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தை இழுபறிக் காட்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த இரண்டு நிமிடத்தைத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

மொரீன் நடித்த மேரி கேட் கேட்பது என்ன? தாய் வழி வந்த சாமான்களும் அவளுக்குச் சேர வேண்டிய பணமும். அண்ணன் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். அமெரிக்காவிலிருந்து வந்த கணவனோ, பணம் எதற்கு, நான் இருக்கிறேனே என்கிறான். பெருந்தன்மையாகத்தான் சொல்கிறான். ஆனால் அவளுக்கு அது வெறும் பணம் இல்லை. அது கைக்கு வராதவரை, அந்த வீட்டில் தான் சம்பளம் இல்லாத வேலைக்காரி மாதிரி என்று நினைக்கிறாள். இந்த விஷயம் நம் ஊர் ஆட்களுக்குப் புரிகிற அளவுக்கு அமெரிக்க விமர்சகர்களுக்குப் புரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இழுத்து வந்து அண்ணன் முன்னால் தள்ளி, பணம் இல்லையென்றால் கல்யாணமும் இல்லை, இது உங்கள் ஊர் வழக்கம்தானே என்கிறான் கணவன். அண்ணன் நோட்டுக் கட்டை விட்டெறிகிறான். இப்போது மொரீனைக் கவனியுங்கள். ஒரு வார்த்தை பேச்சு இல்லாமல் நேராகக் கதிரடிக்கும் இயந்திரத்தின் உலையிடம் போய், அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறார். கணவன் பணத்தை உள்ளே போடுகிறான். இருவரும் முன்கூட்டிப் பேசி வைத்தது கிடையாது. அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது, அவளுக்கு உண்மையில் எது தேவைப்பட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம், சாப்பாடு தயாராக இருக்கும் என்று சொல்லிவிட்டு தலை நிமிர்ந்து ஊருக்கு நடுவே நடந்து போகிறார். அந்த நடையைப் பார்த்துவிட்டு வந்து நடிப்பு எங்கே என்று கேளுங்கள்.

இயக்குநர் ஜான் ஃபோர்டுக்கு அந்தப் படத்தில் நான்காவது ஆஸ்கர். ஒளிப்பதிவுக்கும் கிடைத்தது. மொரீனுக்குப் பரிந்துரைகூட இல்லை என்றால் தேர்வுக் குழுவின் கண்ணில்தான் கோளாறு.

மருதம்:
ரீல்பெட்டி அண்ணா, உலைக்கதவு விளக்கம் அருமை. ஆனால் குச்சி நீட்டிய பெண்மணி அதனால் மறைந்துவிட மாட்டார். அந்தக் காட்சியைப் பார்த்து அரங்கம் சிரித்தது. இன்றைக்கும் சிரிக்கிறது. கதைக்குள் அவளுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்பதற்காக இழுத்துப் போனதை மறந்துவிட முடியாது.

எனக்கு இன்னும் கசப்பானது படப்பிடிப்பில் நடந்தது. மொரீன் தன் சுயசரிதையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். இழுத்துச் செல்லும் பாதையில் ஆட்டுப் புழுக்கையை ஃபோர்டும் வெய்னும் காலால் தள்ளிச் சேர்க்கிறார்கள். இவரும் நண்பர்களும் அதைத் தள்ளி அகற்றுகிறார்கள். அவர்கள் திரும்பக் கொண்டுவந்து போடுகிறார்கள். கடைசியில் அதன் மீதேதான் இழுபட்டார். முடிந்த பிறகு துடைத்துக்கொள்ள ஈரத்துணிகூடத் தரக் கூடாது என்று ஃபோர்டு உத்தரவாம். அதே ஃபோர்டு வேறொரு சமயம் ஒரு விருந்தில் இவர் தாடையில் குத்தினார் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவு நடந்தும் அந்த ஆளுக்கு மொத்தம் ஐந்து படம் நடித்தார். 2014 விருது மேடையிலும் நடிகர்கள் சார்லஸ் லாட்டன், ஜான் வெய்ன் இருவரோடு ஃபோர்டுக்கும் நன்றி சொன்னார். எதற்கும் அஞ்சாத வீரப்பெண் என்று கொண்டாடுபவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

கயல்:
மருதம், அஞ்சாதவர் என்றால் எல்லாச் சண்டையும் போட்டிருக்க வேண்டுமா? போட்ட சண்டைகளைப் பார்ப்போம்.

1945இல், அதாவது இந்த விஷயத்தைப் பேச ஒரு சொல்கூட இல்லாத காலத்தில், தயாரிப்பாளர்களும் இயக்குநர்களும் தொட்டுத் தடவ விடாததால் தன்னைக் குளிர்ந்த பளிங்குச் சிலை என்று ஊரெல்லாம் பரப்புகிறார்கள் என்று பத்திரிகைக்கு வெளிப்படையாகப் பேட்டி கொடுத்தார். 2017இல் ஹாலிவுட்டின் பாலியல் தொல்லை விவகாரங்கள் வெடித்தபோது அந்தப் பழைய பேட்டி மறுபடி சுற்றுக்கு வந்தது. டாக்கீஸ் சார் கேட்ட 'அதற்குப் பிறகு என்ன நடந்தது' என்பதற்கு ஒரு பதில் அதில் இருக்கிறது.

1946இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது முந்தைய நாடு பிரிட்டன் என்று தாளில் எழுதினார்கள். நான் அயர்லாந்துக்காரி, அப்படி எழுதினால் குடியுரிமையே வேண்டாம் என்று நின்று சாதித்தார்.

1957இல் 'கான்ஃபிடென்ஷியல்' என்ற வம்புப் பத்திரிகை, ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் ஒருவரோடு அசிங்கமாக நடந்துகொண்டார் என்று எழுதியது. அந்தப் பத்திரிகைக்குப் பயந்து பெரிய நட்சத்திரங்களே வாயை மூடிக்கொண்டிருந்த நேரம். இவர் நீதிமன்றத்தில் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். அவர்கள் சொன்ன சமயத்தில் அவர் படப்பிடிப்புக்காக ஸ்பெயினில் இருந்திருக்கிறார்!

பழைய_டாக்கீஸ்:
எல்லாம் துணிச்சலுக்குச் சான்று. என் கேள்வி நடிப்பைப் பற்றியது.

துணிச்சல் என்றே வைத்துக்கொண்டாலும், நடிகை ஒலிவியா டி ஹாவிலாண்ட் 1943இல் வார்னர் ஸ்டுடியோ மீதே வழக்குப் போட்டு ஒப்பந்த முறையையே உடைத்தார். பெட்டி டேவிஸ் அதற்கு முன்பே நல்ல வேடத்துக்காக ஸ்டுடியோவோடு மோதினார், தோற்றார், ஆனாலும் நல்ல வேடங்கள் வந்தன. மொரீன் பத்திரிகையோடும் குடியுரிமை அலுவலகத்தோடும் மோதினார். வேடத்துக்காக யாரோடு மோதினார்? 1961இல் 'தி பேரண்ட் டிராப்' படத்தில் தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தும், டிஸ்னி சிறுமி ஹேலி மில்ஸின் பெயரை முன்னால் போட்டது. வழக்குப் போடவில்லை. இனி டிஸ்னிக்கு நடிப்பதில்லை என்பதோடு சரி.

ரீல்பெட்டி:
டேவிஸ் மோதியது ஒரே ஒரு ஸ்டுடியோவோடு. மொரீனின் ஒப்பந்தத்தை ஆர்கேஓ, ஃபாக்ஸ் என்ற இரண்டு ஸ்டுடியோக்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. முதலில் அவரைக் கண்டெடுத்த சார்லஸ் லாட்டன், போர் தொடங்கியதும் ஒப்பந்தத்தை ஆர்கேஓவுக்கு விற்றுவிட்டார். 19 வயதுப் பெண், ஊர் அங்கே, வேலை இங்கே. பிறகு குடிகாரர் என்று அவரே எழுதியிருக்கும் கணவர், கைக்குழந்தை. இந்த நிலையில், கொடுத்த வாளை எடுத்து ஒழுங்காகச் சுழற்றினார். அதையும் டூப் போடாமல் தானே செய்தார்.

அந்தப் படங்கள் மட்டம் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'தி பிளாக் ஸ்வான்' வண்ண ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கிய படம். கடற்கொள்ளையர் படத்தில் நம்பும்படி கோபப்படுவதற்கும் நடிப்பு வேண்டும்.

வெட்டிப்பேச்சு:
விமான கம்பெனி நடத்தினாரே, அதையும் கணக்கில் சேருங்கள். விமானியான கணவர் சார்லஸ் பிளேர் 1978 விபத்தில் இறந்ததும் அன்டிலீஸ் ஏர் போட்ஸ் நிறுவனத்துக்கு இவர்தான் தலைவர். ஆஸ்கர் யாருக்கு வேண்டும்?

மருதம்:
இழை நடிப்பைப் பற்றியது, வெட்டி. கயல் அக்கா, டாக்கீஸ் சார், இரண்டு பேரும் ஒத்துப்போகும் படம் ஒன்றாவது இருக்கிறதா? எனக்கு இந்த வாரக் கடைசிக்குப் பார்க்க ஒன்று வேண்டும்.

பழைய_டாக்கீஸ்:
'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி', 1941. 'சிட்டிசன் கேன்' படத்தைத் தோற்கடித்துச் சிறந்த பட ஆஸ்கர் வாங்கியது என்பதற்காக நான் வெறுக்க நினைத்தும் முடியாத படம். அதில் மொரீனின் பாத்திரம், மனதுக்குப் பிடித்த பாதிரியாரை விட்டுவிட்டுச் சுரங்க முதலாளியின் மகனைக் கட்டிக்கொள்கிறாள். கல்யாணம் முடிந்து தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது தலைத்துணி காற்றில் மேலே எழுகிறது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு தூரத்தில் மரத்தடியில் பாதிரியார் சின்னதாகத் தெரிகிறார். அது ஃபோர்டின் காட்சி, காற்றாடி இயந்திரம் வைத்துக் காத்திருந்து எடுத்த காட்சி. அதில் முகத்தைச் சும்மா வைத்திருக்கத் தெரிந்ததற்கு மொரீனுக்குப் பாதி மதிப்பெண் தருவேன்.

கயல்:
பாதியா! சரி, என் தேர்வு வேறு. 1991, 'ஒன்லி தி லோன்லி'. இருபது வருடம் பெரிய திரைக்கே வராமல் இருந்துவிட்டு 70 வயதில் திரும்பினார். ஜான் கேண்டியின் தாய். வாயைத் திறந்தால் யாரையாவது புண்படுத்தும் ஐரிஷ் அம்மா. மகன் பிறரை நேசித்தால் தன்னை விட்டுவிடுவானோ என்ற பயத்தில்தான் அத்தனை விஷமும். இளவரசியும் இல்லை, வாளும் இல்லை. டாக்கீஸ் சார் அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பழைய_டாக்கீஸ்:
பார்த்ததில்லை. ஞாயிறு பார்த்துவிட்டுத் திங்கள் வருகிறேன். இழையைப் பூட்டிவிடாதீர்கள்.