ஐந்து துறைகள் சேர்ந்து நடத்தும் 'வளர்ந்துவரும் தொழில்நுட்பங்கள்' பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

பொருநைக்கரை (கேள்வி):
பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். எந்தத் துறை மாணவரும் எடுத்துப் படிக்கத்தக்க நான்கு கிரெடிட் விருப்பப்பாடமாக இதை வகுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, ட்ரோன், மரபணுத் திருத்தம், பிளாக்செயின், குவாண்டம் கணினி என்று அலகுக்கு ஒன்றாகப் பிரித்துத் துறைக்கு ஒருவரிடம் ஒப்படைத்தேன். வந்து சேர்ந்தவை ஐந்து தனிப் பாடங்களின் சுருக்கங்களே. வணிகவியல் மாணவரும் தமிழ் மாணவரும் 60 மணி நேரம் ஒரே வகுப்பில் அமர்ந்து சேர்ந்து செய்வதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. நடத்திப் பார்த்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பிசானம்:
ஐயா, தொழில்நுட்பத்தின் பெயரால் அலகு பிரித்தால் அப்படித்தான் முடியும். நம் பக்கத்து நிகழ்வு ஒன்றை நடுவில் வைத்துத் துறைகளை அதனிடம் வரவழையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று, தாமிரபரணிப் பாசனத்துப் பிசானப் பருவ நெல் மூழ்கியது. அந்தச் சேதத்தை விண்ணிலிருந்து அளக்க முடியுமா என்ற கேள்வி பாதிப் பருவத்திற்குப் போதும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் மிக நுணுக்கமான கட்டமே (பிக்சல்) 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை செண்ட். இருபது செண்ட் வயலுக்கு எட்டுக் கட்டந்தான் தேறும். அவற்றிலும் ஓரக் கட்டங்களில் வரப்பும் வாய்க்காலும் பக்கத்து வயலும் கலந்துவிடும். மழை நாளில் மேகம் மறைப்பதால் ரேடார் படம் வேண்டும். அது மேகத்தை ஊடுருவுவது எப்படி என்பது உங்கள் வகுப்பு. கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் எழுதிய பயிரும் படத்தில் தெரியும் பயிரும் மாறுபட்டால் எது செல்லும் என்பது சட்டம் அறிந்தவருடையது. பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலும் தனி வயலைப் பார்க்காமல் அறிவிக்கை செய்த பகுதியின் சராசரி விளைச்சலைப் பார்ப்பது ஏன் என்பதை வணிகவியலார் விளக்கட்டும்.

மேலப்பாளையம் வாசகி:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் தேர்வு பழையபடி இருந்தால் மாணவர்கள் மனப்பாடத்திற்கே திரும்புவார்கள். இழப்பீடு மறுக்கப்பட்ட விவசாயிக்குக் காரணம் விளக்கி அரைப் பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். 'பிக்சல்' என்பதை வரப்பில் நிற்பவருக்குப் புரியவைப்பதில் தமிழ் மாணவரின் கை ஓங்கும். மீதிப் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் வேறொரு தொழில்நுட்பத்தை எடுக்கட்டும். ஒரு நுட்பத்தை எளிதாகத் திருத்தக்கூடிய தொடக்கக் காலத்தில் அதன் விளைவு தெரியாது, விளைவு தெரியும்போது அது வேரூன்றிவிடும் என்று தொழில்நுட்பக் கட்டுப்பாடு பற்றி ஆராய்ந்த டேவிட் காலிங்ரிட்ஜ் 1980-இல் எழுதிய சிக்கல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி. முன்பு நடந்த ஒரு முயற்சியில் பாடவேளை முழுவதும் ஒரு துறையின் கணக்கில் ஏறியதால் மற்றவர்கள் மூன்றாம் வாரமே விலகினர். ஆகவே வகுப்புக்கு இரு ஆசிரியர்கள், வேளைக் கணக்கு ஆளுக்குப் பாதி என்று எழுதப்போகிறேன். முதல் வகுப்பு வயலில்தான். கட்டம் போட்ட படத்தாளை ஒரு கையிலும் அளவு நாடாவை மறு கையிலும் கொடுத்துவிடலாம்.