அப்பாவோடும் பையனோடும் பாஸ் மீன் பிடிக்க எந்த ஏரி? லேக் ஃபோர்க்ல ஒண்ணும் கடிக்கலை

தக்கை_தூண்டில்:
வணக்கம். நாங்க இருக்கிறது டல்லாஸ் பக்கம் பிளேனோவில். பிப்ரவரி கடைசியில் அப்பா ஊர்ல இருந்து வர்றார், ஏப்ரல் பாதி வரை இருப்பார். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர், தூண்டிலைக் கையில் கொடுத்தா சோறு தண்ணி வேண்டாம். பையனுக்கு எட்டு வயசு. மூணு பேரும் ஒரு சனி, ஞாயிறு பாஸ் பிடிக்கப் போகணும்.

போன ஆகஸ்ட்ல நானும் பையனும் லேக் ஃபோர்க் போனோம். பாலத்துக்குப் பக்கத்துல கரையில் நின்னு, மண்புழு கோத்து, தக்கை கட்டிப் போட்டோம். உள்ளங்கை அகலத்துக்கு புளூகில்ங்கிற சின்ன மீன்தான் மாட்டுச்சு. வெயில் ஏறினதும் அதுவும் நின்னுடுச்சு. வேற ஏரி பார்க்கணுமா? அப்பாவுக்கு லைசென்ஸ் வேணுமா? பிடிச்சதைக் குழம்பு வைக்கலாமா? (போன்ல அப்பா முதல்ல கேட்டதே அதைத்தான்.)

சபைன்_கரையான்:
ஏரியில் குறை இல்லை ப்ரோ. டெக்சாஸ் மாநில ரெக்கார்டு பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் அங்கேதான் பிடிபட்டது. 1980-ல் அணை கட்டித் தண்ணி தேக்குறதுக்கு முன்னாடியே ஃப்ளோரிடா ரகக் குஞ்சுகளை விட்டு வளர்த்த இடம்.

நீங்க போன மாசமும் நின்ன இடமும்தான் சிக்கல். ஆகஸ்ட்ல பெரிய பாஸ் ஆழத்துக்குப் போயிடும். விடியக்காலையிலும் பொழுது சாயும்போதும் கொஞ்ச நேரம் மேல வரும், அவ்வளவுதான். ஃபோர்க் சுமார் 27,000 ஏக்கர், கரையெல்லாம் பெரும்பாலும் தனியார் வீடுகள். பொதுவா நின்னு போட விடுற இடம் கொஞ்சம்தான், அதையும் எல்லாரும் அடிச்சுத் துவைச்சு வச்சிருப்பாங்க.

மண்புழுவும் காரணம். அதை பாஸ் பார்க்கிறதுக்குள்ள புளூகில் பிச்சுத் தின்னுடும். பாஸ் நம்ம ஊர் விரால் மாதிரி, பாசிக்குள்ளயோ கட்டைக்கு அடியிலோ பதுங்கி நின்னு பாயும். அப்பாவுக்கு இப்படிச் சொன்னா உடனே பிடிபடும். ரப்பர் புழுவை டெக்சாஸ் ரிக்ல, முள் நுனி வெளியே தெரியாம கோத்து, பட்டமரத்து ஓரமா இறக்கி மெதுவா இழுக்கணும். அங்கே தண்ணிக்குள்ள மரம் அப்படியே நிக்குது, மெல்லிய நரம்பு தாங்காது.

அப்பா வர்ற நேரம் அருமையான நேரம். தண்ணி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது பாஸ் முட்டையிட ஆழமில்லாத இடத்துக்கு வரும். ஃபோர்க்ல அது பிப்ரவரி பாதியில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். வடக்குக் காத்து அடிச்சுக் குளிர் இறங்கின மறுநாள் மட்டும் போகாதீங்க.

வெஸ்ட்_டெக்சாஸ்_வேலு:
ஓ.எச். ஐவி ஏரிக்குப் போங்க. கொஞ்ச வருஷமா 13 பவுண்டுக்கு மேல இருக்கிற பாஸ் அங்கேதான் வரிசையா வருது.

சபைன்_கரையான்:
உண்மைதான். ஆனா பிளேனோவில் இருந்து ஒரு வழிக்கே நாலு மணி நேரத்துக்குக் குறையாது. தண்ணி மட்டமும் இறங்கிக் கிடக்கிற ஏரி. பெரியவரையும் சின்னப் பிள்ளையையும் வச்சுக்கிட்டு முதல் பயணமா அதை நான் சொல்ல மாட்டேன். சாம் ரேபர்ன் (1,14,000 ஏக்கர்), டொலீடோ பெண்ட் (1,85,000) ரெண்டும் நல்ல ஏரிதான், ஆனா படகும் பழக்கமும் இல்லாம போனா கடலைப் பார்த்துட்டு வந்த கதை.

கயல்_ஃபிரிஸ்கோ:
அண்ணா, முதல் நாளே ஃபோர்க் வேண்டாமே. சனிக்கிழமை பர்ட்டிஸ் க்ரீக் ஸ்டேட் பார்க் போங்க. டல்லாஸுக்குத் தென்கிழக்கே, 355 ஏக்கர் ஏரி, படகுகளை வேகமா ஓட்ட விட மாட்டாங்க, அதனால் அலை இருக்காது. ஸ்டேட் பார்க்குக்குள்ள கரையிலோ மீன்பிடி மேடையிலோ நின்னு பிடிக்க லைசென்ஸே வேண்டாம். அப்பாவுக்கு அன்னைக்குச் செலவு மிச்சம். பையன் தக்கை போட்டு புளூகில் பிடிக்கட்டும். எட்டு வயசுக்கு மீன் பெரிசா சின்னதா என்பது முக்கியமில்லை, தக்கை முங்கணும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க்ல கைடு (படகுல கூட்டிட்டுப் போய் மீன் பிடிக்க வைக்கிறவர்) வச்சு அரை நாள். அங்கே அப்பாவுக்கு லைசென்ஸ் கட்டாயம், வெளியூர்க்காரர் ஒரு நாள் லைசென்ஸ் எடுத்தா போதும். பையன் 17 வயசுக்குக் கீழே, அதனால் வேண்டாம். சில கைடுகள் ரெண்டு பேருக்குத்தான் விலை சொல்வாங்க, மூணாவது ஆளுக்குத் தனியா கேட்பாங்க. முன்னாடியே பேசிடுங்க. பையன் படகு ஓடுறப்ப லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. 13 வயசுக்குக் கீழே அது சட்டம்.

தக்கை_தூண்டில்:
ரொம்ப நன்றி. சனி பர்ட்டிஸ் க்ரீக், ஞாயிறு ஃபோர்க், முடிவு பண்ணியாச்சு. குழம்பு விஷயத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலையே!

சபைன்_கரையான்:
ஹாஹா, அதுதான் கஷ்டம். ஃபோர்க்ல 16 அங்குலத்துல இருந்து 24 அங்குலம் வரை உள்ள பாஸை அப்பவே தண்ணியில் விட்டுடணும். அதுக்குக் கீழே இருந்தா எடுக்கலாம், 24-க்கு மேல ஒண்ணே ஒண்ணு, எல்லாம் சேர்த்து நாளைக்கு அஞ்சு. ஆனா பெரும்பாலான கைடுகள் பாஸை எடுத்துட்டுப் போறதை விரும்ப மாட்டாங்க. நாலு கிலோ மீனை அளந்து, படம் எடுத்து, திரும்ப விடும்போது அப்பா முகம் போற போக்கைப் பார்க்கத் தயாரா இருங்க. விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிடுறது நல்லது.

படம் எடுக்கும்போது தாடையை மட்டும் பிடிச்சுத் தொங்க விடாம, இன்னொரு கையை வயித்துக்கு அடியில் கொடுக்கச் சொல்லுங்க. முட்டையோட இருக்கும்.

குழம்புக்கு கெளுத்தி இருக்கே. ஃபோர்க்ல சேனல் கேட்ஃபிஷ் நிறைய. கைடுகிட்ட கடைசி ஒரு மணி நேரம் அதுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்க. சில பேர் ஒத்துக்குவாங்க.

கயல்_ஃபிரிஸ்கோ:
கெளுத்தின்னா அப்பாவோட மண்புழுவுக்கும் வேலை வந்துடும் அண்ணா. ஐஸ் பெட்டி மறக்காம எடுத்துட்டுப் போங்க.