வேகம் குறையும்போது மட்டும் ஹேண்டில் ஆடுகிறதா?

வெள்ளவத்தையிலிருந்து:

காலி வீதியில் ஆக்ஸிலேட்டரை விட்டு, 60-இலிருந்து 40-க்கு இறங்கும் அந்த இடைவெளியில்தான் என்னுடைய 150 சீசீ பைக் உதறும். இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தால் ஒன்றும் தெரியாது. பிடியைத் தளர்த்தினால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். 70-இல் போனால் சொல்லிவைத்த மாதிரி நேராகப் போகும். பக்கத்து கராஜில் "ஃபோர்க் வளைஞ்சிருக்கு, முன்பக்கம் முழுக்கக் கழற்றணும்" என்றார்கள். ஃபோர்க், அதாவது முன் சில்லைத் தாங்கும் இரட்டைக் கால், வளைந்தால் பெரும்பாலும் பைக் ஒரு பக்கம் இழுக்கும். என்னுடையது இழுக்கவே இல்லை. கழற்ற விடவில்லை.

பஞ்சிகாவத்தைக்குப் பார்ட்ஸ் வாங்கப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் சொல்லித் தந்த முறை இது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன் சில்லை நிலத்திலிருந்து தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது "டக்" என்றால் ஹேண்டில் ரேசர் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பெயரிங்) லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் ரேசரில் பள்ளம் விழுந்துவிட்டது. அதை இறுக்கிப் பிரயோசனமில்லை, செட்டாக மாற்றத்தான் வேண்டும். அப்புறம் சில்லைச் சுற்றிவிட்டு ரிம் நெளிகிறதா என்றும், பக்கவாட்டில் அசைத்து சில்லின் பெயரிங் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு ரேசர் கொஞ்சம் லூஸ். முன் டயரும் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தது, கையால் தடவினால் ரம்பம் மாதிரிப் பிடித்தது. ரேசரை இறுக்கியதும் ஆட்டம் குறைந்தது, டயரை மாற்றி பேலன்ஸ் பண்ணியதும் போயே போய்விட்டது. இறுக்குவதற்கும் அளவு இருக்கிறது. சில்லு தூக்கியிருக்கும்போது ஹேண்டில் தன் பாரத்திலேயே இரு பக்கமும் விழ வேண்டும். ஓவராக இறுக்கினால் மெதுவாகப் போகும்போது பைக் நேராக நிற்காமல் அலையும். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்கையே இழுத்துக்கொண்டு வந்த நம்மில் பலர் ரேசரைத் திரும்பிப் பார்த்தே இருக்கமாட்டோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, எனக்கு டயர் புதுசு, ரேசரும் சரி. காரணம் பின்னால் இருந்தது. டெலிவரிப் பெட்டியை பின் சில்லின் அச்சுக்கும் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தேன். பாரம் ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடுகிறது. வெறும் பெட்டியோடு ஆடாது, நிரம்பினால் ஆடும், அதில்தான் பிடிபட்டது. சீட்டோடு ஒட்டி முன்னுக்கு இழுத்துக் கட்டி, கனமானதை அடியில் வைத்து, பின் டயருக்கும் சரியாகக் காற்று அடித்தேன். இப்போது ஆட்டமில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் பைக் ஆடுகிறவர்கள் பிரேக் டிஸ்க் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைத் தட்டி நேராக்கி ஓட்டிய யாராவது இருந்தால் எழுதுங்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.