பொருள்: துப்பாக்கி ‘பைபேக்’ – ‘மீள்வாங்கல்’ சரிதானா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கன் பைபேக்’ (மக்களிடமுள்ள துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்து வாங்குவது) என்பதற்கு ‘துப்பாக்கி மீள்வாங்கல்’ என்று இருக்கிறது. நீக்கிவிடலாம். விற்றவரே திரும்ப வாங்கினால்தான் ‘மீள்’ பொருந்தும்; நிறுவனம் தன் பங்குகளை வாங்குவது அப்படி. ஆஸ்திரேலிய அரசு 1996இல் வாங்கிய துப்பாக்கிகளை அரசா விற்றது? ஆங்கிலச் சொல்லே கோணல், அதை நாம் நகலெடுக்க வேண்டாம்.

‘துப்பாக்கிக் கொள்முதல்’ என்றால் காவல்துறை புது ஆயுதம் வாங்குகிறது என்றாகும். ‘துப்பாக்கி மீட்பு’ என்பது சோதனையில் சிக்கியதைச் சொல்லும் செய்தித்தாள் வழக்கு. ஆகவே ‘துப்பாக்கி ஒப்படைப்பு’ என்று முன்வைக்கிறேன்.

- - -

> ‘துப்பாக்கி ஒப்படைப்பு’ என்று முன்வைக்கிறேன்

தமிழ்நாட்டில் இதற்கு வேறு பொருள் இருக்கிறதே! தேர்தல் அறிவித்ததும் உரிமம் வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைப்பார்கள். தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நாம் பேசும் திட்டத்திலோ வாங்கியதை அழிக்கிறார்கள், அதற்குப் பணமும் தருகிறார்கள். இரண்டில் ஒன்றாவது சொல்லில் தெரிய வேண்டும். ‘ஈட்டொப்படைப்பு’ எப்படி?

- - -

‘ஈடு’ என்றதும் அடகுக்கடைதான் நினைவுக்கு வரும். ‘இழப்பீட்டு ஒப்படைப்பு’ என்று முழுதாகவே சொல்லலாம், சட்டப்படியும் அதுதான் சரி. தனியார் சொத்தை நடுவண் அரசு எடுத்துக்கொண்டால் நியாயமான ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசமைப்பின் 51ஆம் பிரிவு சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தர் ஊரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது 1996 ஏப்ரல் 28. மே 10 அன்றே நடுவண் அரசும் மாநிலங்களும் உடன்பாட்டுக்கு வந்தன. அரைத் தானியங்கி ரைஃபிள்களும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் பெரும்பாலோருக்குத் தடைசெய்யப்பட்டன. இழப்பீட்டுக்கான பணத்தை மெடிகேர் (பொது மருத்துவக் காப்பீடு) வரியை ஓராண்டுக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 ஆக உயர்த்தித் திரட்டினார்கள். வந்தவை ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகள்.

இது பலித்ததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவு, வாங்குவதற்கு 28 நாள் காத்திருப்பு, தக்க காரணம் காட்டினால்தான் உரிமம் என்று எல்லாம் ஒரே கட்டாக வந்தன. தற்காப்பு தக்க காரணமாகாது. துப்பாக்கித் தற்கொலைகள் குறைந்ததில் திட்டத்தின் பங்கு ஓரளவு தெளிவு. கொலைகள் ஏற்கெனவே குறைந்துவந்ததால், அதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள்.

- - -

அப்படியானால் அமெரிக்க நகரங்களில் நடப்பதற்கும் இதே சொல்லா? அங்கே தடையும் இல்லை, கட்டாயமும் இல்லை. ஒரு சனிக்கிழமை தேவாலய வாசலில் மேசை போட்டு, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு, 50 முதல் 200 டாலர் வரை கிஃப்ட் கார்டு தருவார்கள். வருபவை பெரும்பாலும் தாத்தா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கி, துருப்பிடித்த ரிவால்வர். தெருச் சண்டையில் சுடுபவன் அந்த வரிசையில் நிற்பதில்லை. 2017 மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள். ஒரு முகாமில் சில நூறு வரும். கொடுத்த கையோடு அதே கார்டை விற்றுப் புதிதாக ஒன்று வாங்கவும் தடையில்லை.

விலைப்பட்டியல் சரியில்லாவிட்டால் வேடிக்கைதான். 2022இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா முகாமில், முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்த துப்பாக்கிப் பாகங்களைக் கொண்டுவந்து ஒருவர் 21,000 டாலர் மதிப்புள்ள கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார். பிறகுதான் விதியைத் திருத்தினார்கள். இதில் ‘இழப்பீடு’ எங்கே இருக்கிறது? இதை ‘ஊக்கத்தொகை ஒப்படைப்பு’ என்று தனியாகப் பிரியுங்கள். “பைபேக் பலிக்குமா?” என்ற சண்டையில் பாதி, இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வருவது.

- - -

பிரிப்பதை ஏற்கிறேன். நியூசிலாந்தும் முதல் வகைதான். அங்கே கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 2019 மார்ச் 15 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 51 பேர் கொல்லப்பட்டபின் சட்டம் திருத்தி, அவ்வாண்டு டிசம்பர் 20 வரை கெடு வைத்தார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அடிப்படை விலை; புதிதுபோல் இருந்தால் அதில் 95 சதவீதம், புழங்கியது என்றால் 70, மோசமானது என்றால் 25. குண்டு நீக்கிக் கொண்டுவர வேண்டும். மாடலைச் சரிபார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஹைட்ராலிக் இயந்திரம் குழலையும் உடலையும் நசுக்கும். பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். 56,000க்கு மேல் வந்தது. ஆனால் மொத்தம் எத்தனையில் 56,000? சாதாரண ரைஃபிள்களுக்கு அங்கே அதுவரை பதிவேடு கிடையாது; உரிமம் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. வகுக்கும் எண் இல்லாமல் வெற்றியை எப்படி அளப்பது?

‘அழிப்பு’ என்பதையும் வரையறையில் இறுக்கிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தொடர் எண் பொறித்த ரிசீவரை (மற்ற பாகங்கள் பொருந்தும் நடு உடலை) மட்டும் நசுக்கிவிட்டு, குழல், போல்ட், ட்ரிகர் எல்லாவற்றையும் உதிரித் தொகுப்பாக விற்ற நிறுவனங்கள் உண்டு. வாங்கியவர் ஒரு புது ரிசீவரைப் பொருத்தினால் போதும், துப்பாக்கி தயார்.

- - -

ஒரு சின்ன விசயம். எங்கட பக்கம் அது ‘துவக்கு’, ஒப்படைக்கிறது ‘கையளிக்கிறது’. பதிவில அதையும் போடுங்கோ. பணமே குடுக்காமல், வழக்கு இல்லை எண்டு மட்டும் சொல்லி வாங்கிறதுக்கும் ஒரு சொல் வேணும். ஆஸ்திரேலியாவில 2017இல மூண்டு மாசம் அப்பிடி நடந்து 57,000 அளவில வந்தது.

- - -

சேர்த்தாயிற்று. இப்போதைய பதிவு:

துப்பாக்கி ஒப்படைப்பு (இலங்கை வழக்கு: துவக்குக் கையளிப்பு) – தனியாரிடமுள்ள துப்பாக்கிகளை, எல்லாப் பாகங்களோடும் அழிப்பதற்காக அரசு பெறுதல். வகைகள்: இழப்பீட்டு ஒப்படைப்பு, ஊக்கத்தொகை ஒப்படைப்பு, மன்னிப்புக்கால ஒப்படைப்பு. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் வைப்பது இதில் சேராது. அதற்கு ‘துப்பாக்கி வைப்பு’.

‘மீள்வாங்கல்’ பங்குச் சந்தைப் பட்டியலுக்குப் போகிறது.