ஓட்டத்தில் சந்தித்த ஒருவர், இன்னும் மனதை விட்டுப் போகாதவர்

தடம்400

பத்து கிலோமீட்டர் ஓட்டம், எட்டாவது கிலோமீட்டர். அந்த இடம் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு அடிக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பேச்சுச் சத்தம். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், பக்கத்தில் ஓடியவரிடம் பேத்திக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். முழு முழு வாக்கியமாகப் பேசினார். எந்த வாக்கியமும் மூச்சுக்காக நடுவில் உடையவில்லை.

முடிந்ததும் தேடிப் போய்க் கேட்டேன். தோழியின் முதல் பத்து கிலோமீட்டராம், துணைக்கு வந்தாராம். "வாரத்துல ஒரு நாள்தான் வேகமா ஓடுவேன். மத்த நாள்ல யார் வேணா என்னைத் தாண்டிப் போகலாம்" என்றார்.

நான் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். மூன்று நாளும் வேர்த்து விறுவிறுத்துத்தான் திரும்புகிறேன். நேரம் 58 நிமிடத்தை விட்டு அசையவே இல்லை. அந்தப் பல் விழுந்த கதை மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி யாராவது உண்டா?

மாலைஓட்டம்

உண்டு, ஆனால் என் ஆள் வேறு மாதிரி.

மாலையில் டிராக்கில் ஒரு பையன் தனியாக 400 மீட்டர் இன்டர்வல் (ஒரு வேகச் சுற்று, சின்ன இடைவெளி, மறுபடி வேகச் சுற்று) ஓடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நேரத்தை விநாடியில் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லுவான். 92. 92. 91. 92. பிறகு 95. அதைச் சொன்னவன் நேரே போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டான். நன்றாகத்தானே ஓடுகிறாய், ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். "95 வந்துடுச்சு சார்" என்றான். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

கால் களைத்த பிறகு ஓடும் சுற்று வேகத்தைக் கற்றுத் தராது, களைப்பைத்தான் கூட்டும். அதைத் தெரிந்தும் கையில் தெம்பு மிச்சம் இருக்கும்போதே பையை எடுக்க எத்தனை பேரால் முடியும்? எனக்கு அந்தக் கட்டுப்பாடுதான் உறுத்துகிறது.

இன்னொன்று. தடம்400, அந்த அம்மா சொன்னதை மெதுவாக ஓடினாலே வேகம் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் ஒரு நாள் வேகமான நாள் இருக்கிறது.

நீலரிப்பன்

ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்), இரண்டு மணி நேர பேசர், அதாவது அந்த நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில் ஓடிக் காட்டுபவர். கிலோமீட்டருக்கு 5:41. முதல் கிலோமீட்டரில் பாதிப் பேர் அவரைத் தாண்டிப் பறந்தார்கள். அவர் கொடியைப் பிடித்தபடி, "போறவங்க போகட்டும், பதினேழுல பார்ப்போம்" என்றார். பதினேழாவது கிலோமீட்டரில் பார்த்தோம். அவர்களில் பலர் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு மறக்காதது அதுவல்ல. பதினெட்டில் அவர் திரும்பி என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "உங்க மூச்சு இன்னும் ஒழுங்கா இருக்கு. நீங்க கிளம்புங்க" என்றார். கிளம்பினேன், அன்றுதான் முதல் முறை இரண்டு மணிக்குள் முடித்தேன். சுற்றிலும் அத்தனை பேர் ஓடும்போது என் மூச்சை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்டார்?

கெண்டைக்கால்

என் கதை சின்னது. கூட ஓடுபவர் ஒருவர் பிசியோதெரபிஸ்ட். ஒரு நாள் ஓடி முடித்ததும் என்னை ஒற்றைக் காலில் நிறுத்தி, குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். வலது கால் இருபதைச் சுலபமாகத் தாண்டியது. இடது கால் பத்திலேயே நடுங்கியது. "இந்தக் காலை வச்சுக்கிட்டா வேகம் கேட்கறீங்க?" என்றார். அவ்வளவுதான்.

தடம்400 நண்பரே, உங்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்களை (துடிப்பை வைத்து மெதுவு, வேகம் என்று பிரிக்கும் அளவுகளை) அப்படியே நம்ப வேண்டாம். பல வாட்ச்கள் 220-இலிருந்து வயதைக் கழித்துத்தான் உச்சத் துடிப்பைக் கணக்கிடுகின்றன. அது சராசரிக் கணக்கு. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் பத்து, இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். மெதுவான நாளுக்குப் பேச்சே போதும். ஓடும்போது முழு வாக்கியம் பேச வந்தால் சரியான வேகம், சொல் சொல்லாக உடைந்தால் குறையுங்கள்.

மெதுவான ஓட்டத்தின் கடைசியில் நான்கு முதல் ஆறு ஸ்ட்ரைட்ஸ் சேருங்கள். 15, 20 விநாடி வேகமாக, ஆனால் தோளும் தாடையும் இறுகாமல். நடுவில் மூச்சு முழுதாகத் திரும்பும்வரை நடங்கள். இது உடலை அதிகம் களைக்க வைக்காமல் காலுக்கு வேகத்தை நினைவுபடுத்தும். அப்புறம் வாரம் இரண்டு நாள் காலுக்கு வலுப்பயிற்சி. கெண்டைக்கால் தூக்கலை முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை செய்யுங்கள், மடக்கும்போது உள்ளே இருக்கும் தசைக்கு அதிக வேலை. முன்னங்கால் எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், அது எலும்பில் கீறலாக இருக்கலாம். காரணமே தெரியாமல் மாதக்கணக்கில் சோர்வு இருந்தால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு) பார்ப்பது நல்லது. தூக்கத்தைக் குறைத்துவிட்டு அதிகாலை ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். காலடி எண்ணிக்கை நிமிடத்துக்கு 180 வருகிறதா என்றும் பாருங்கள்.

தடம்400

அக்கறைக்கு நன்றி. நான் அட்டவணை கேட்கவில்லை, ஆனால் ஸ்ட்ரைட்ஸ் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்கோடு

180 பற்றி மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த எண், 1984 ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் காலடிகளை ஓட்டப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணியதிலிருந்து பரவியது. அவர்கள் போட்டி வேகத்தில் ஓடியவர்கள். உயரமும் வேகமும் மாறினால் எண்ணிக்கையும் மாறும். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில் ஓடுபவர் அதைக் கட்டாயமாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

அதேபோல 80/20-ஐ (80 சதவீதம் மெதுவாக, 20 சதவீதம் வேகமாக என்ற விதியை) இங்கே யாராவது கொண்டு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். உச்சநிலை வீரர்களின் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் மெதுவானது என்று விளையாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் கவனித்தது உண்மை. ஆனால் அவர்கள் வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் பயிற்சி செய்பவர்கள். மூன்று நாள் ஓடுபவருக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தாது. ஒன்று வேகம், இரண்டு மெதுவு என்றால் போதும். அந்த அம்மா சொன்னதும் அதுதான்.

என் சந்திப்பு: பார்வையற்ற ஓட்டக்காரர் ஒருவரும் அவருடைய வழிகாட்டியும், நடுவில் ஒரு குட்டைக் கயிறு. நான் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினேன். வழிகாட்டி ஓயாமல் பேசுகிறார். "இடது வளைவு, மூணு, ரெண்டு, ஒண்ணு. சரி, நேர்." இருவர் காலும் ஒரே நேரத்தில் தரையில் விழுகின்றன. ஏற்றம் வந்ததும் வழிகாட்டியின் குரல் தேய்ந்தது. உடனே ஓட்டக்காரர் சொன்னார்: "உங்களுக்கு மூச்சு வாங்குது, நான் குறைக்கிறேன்." கூடவே பேசிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் வழிகாட்டி அவரைவிட வேகமானவராக இருக்க வேண்டும். நானும் அப்படி ஒருவருக்குக் கயிறு பிடிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை. எனக்கு வேகம் வேண்டும் என்பதற்கு இப்போது அதுதான் காரணம்.

நீலரிப்பன்

மாலைஓட்டம், அந்தப் பையன் இரண்டு 400-க்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டான்? கவனித்தீர்களா?

மாலைஓட்டம்

200 மீட்டர் மெதுவோட்டம், நடக்கவே இல்லை. உங்கள் இரண்டு மணி நேர ஹாஃப் மாரத்தானுக்கு 92 விநாடி என்பது அதிக வேகம். ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 5 விநாடியில் தொடங்குங்கள், கடைசிச் சுற்றும் அதே நேரத்தில் வந்தால் அடுத்த வாரம் இரண்டு விநாடி குறைக்கலாம்.