புதுப்பிப்பு: கிணற்று நீரில் குமிழியும் உப்பும், காரணம் தெரிந்தது

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கிறது, குவளையில் பிடித்தால் சோடா போல் குமிழி விடுகிறது, பக்கத்தில் கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுதான் காரணமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, குமிழியாக வரும் மீத்தேன் எரிவாயுவின் அளவோடு நிற்காமல், அதோடு சேர்ந்து வரக்கூடிய ஈத்தேன் என்ற இன்னொரு வாயுவையும், கார்பன் ஐசோடோப்பையும் (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதம், வாயு எங்கே உண்டானது என்று காட்டும்) சோதிக்கச் சொன்ன யோசனை. மண்ணில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவில் ஈத்தேன் அநேகமாக இருக்காது. எங்கள் நீரில் இருந்தது. ஐசோடோப்பும் ஆழத்து வாயு என்றே காட்டியது. அந்த அறிக்கையைக் கொடுத்த பிறகுதான் பழைய கிணற்றைத் திறந்து பார்த்தார்கள். இரும்புக் குழாய் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது, சிமென்ட் அடைப்பு பாதியில் நின்றிருந்தது. மறுபடி சிமென்ட் இறக்கி அடைத்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று: குமிழி சில வாரங்களில் அடங்கியது, உப்பு அப்படியே இருக்கிறது. பழைய கிணற்று வழியே வந்து கலந்த உவர்நீர் நிலத்தடி ஓட்டத்தோடு மெதுவாக நகர்ந்துதான் போக வேண்டும். வருடக்கணக்கில் ஆகலாம். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது, அதனால் குடிக்க வேறு நீர்தான்.

அப்புறம், கரி வடிகட்டியை நம்பி மீத்தேனை விட்டுவிடாதீர்கள், அது பிடிக்காது. நீரைக் காற்றூட்டி, பிரியும் வாயுவைக் குழாய் வழியே வெளியே விட வேண்டும். மூடிய அறையில் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.