ஒராஞ்ச் பழைய அரங்கில் உங்களுக்கு என்ன நடந்தது?

செவ்ரான் மகள்

தெற்குப் பிரான்சின் ஒராஞ்ச் ஊரில், பழைய ரோமானிய அரங்கில் கோடையில் நடக்கும் இசை விழாவான கொரெஜிக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். அதனால் மேடைக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய மதிலைப் பற்றி நான் விளக்கப் போவதில்லை. ஏழு வருடமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைக் கொட்டிவிட்டுப் போகிறேன்.

வேலை செய்யும் இடத்திலிருந்து பேருந்தில் கூட்டிப் போனார்கள். பகல் நேரம், மேடையில் ஒன்றும் இல்லை. வழிகாட்டியின் பேச்சு பாதி புரியவில்லை என்று நான் மெதுவாக ஓரத்துக்கு நழுவிவிட்டேன். அங்கே பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு கிழவர் நின்றார். தோள் உயரத்தில் கல்லில் சதுரமாக ஒரு குழி. அதற்குள் நாலு விரலையும் விட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "இசி, லா குய்சின்" என்றார். இங்கே சமையலறை.

எனக்கு அப்போது கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் பிரெஞ்சு. சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி காட்டுகிறார் என்று நினைத்து "நோன், மெர்சி" என்றேன். பசிக்கவில்லை என்று வயிற்றைத் தட்டியும் காட்டினேன்! அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது பேருந்தில்தான் தெரிந்தது. மதச் சண்டைகள் நடந்த காலத்தில் ஊர்மக்கள் உள்ளே தஞ்சம் புகுந்து வீடு கட்டி, சந்து சந்தாகக் குடியிருந்திருக்கிறார்கள். 1800களில்தான் அந்த வீடுகளை இடித்து அரங்கைக் காலி செய்தார்களாம். அவர் காட்டியது யாருடைய அடுப்படி? நான் வயிற்றைத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

வரலாறு வாத்தி

தங்கச்சி, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அது வீட்டுக் குழி இல்லை. மதிலின் வெளிப்பக்கம் உச்சியில் வரிசையாகக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அவற்றில் துளை உண்டு. வெயிலுக்குத் துணிப்பந்தல் கட்டும் கம்பங்களைச் செருக ரோமர்கள் போட்டவை. அகஸ்டஸ் காலத்துக் கட்டடம், போர்வீரர்களைக் குடியேற்றிய ஊர், எதையும் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

என் அனுபவம் சின்னது. 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம் என்று ஒப்பித்துவிட்டு, "என் ராஜ்யத்திலேயே அழகான மதில் இதுதான்" என்று பதினான்காம் லூயி சொன்னதாக வழிகாட்டிப் பெண் பெருமையோடு சொன்னாள். நான் கையைத் தூக்கினேன். லூயி அங்கே வந்தது 1660இல். ஒராஞ்ச் அப்போது நசாவ் வம்சத்துத் தனிச் சிற்றரசு. நெதர்லாந்துக்காரர்கள் இன்றுவரை ஆரஞ்சு நிறத்தைக் கட்டிக்கொண்டு திரிவது இந்த ஊர்ப் பெயரால்தான். பிரான்சோடு முறைப்படி சேர்ந்தது 1713இல், உத்ரெக்ட் உடன்படிக்கையில். அப்புறம் என்ன "என் ராஜ்யம்"? அவள் சிரித்துவிட்டு, "அரசர் எதைப் பார்த்தாலும் அது அவர் ராஜ்யம்தானே மிஸ்யே" என்றாள். கூட்டம் மொத்தமும் சிரித்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. மேலே குன்றில் இருந்த கோட்டையை இடிக்கச் சொன்னவரும் அதே லூயிதான், மதிலைப் புகழ்ந்ததை மட்டும் சொல்கிறார்கள்.

ரோன் கரைத் தம்பி

வாத்தி அண்ணா, கம்பத் துளை உச்சியில் இருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அக்கா சொன்னது தோள் உயரம். கிழவர் என்ன ஏணி வைத்தா ஏறினார்?

நான் ஒரு கோடையில் ஷாத்தோநெஃப் து பாப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தேன். அறுவடை இல்லை, ஜூலை மாத வேலை. கொடியில் இருக்கும் பச்சைக் குலைகளில் கொஞ்சத்தை வெட்டித் தரையில் போட வேண்டும், மிச்சம் நன்றாகப் பழுக்க. முதல் நாள் எனக்கு வெட்டக் கை வரவில்லை. நெல் விளையும் ஊரில் பிறந்தவன் காயை வெட்டி மண்ணில் எறிவதா? தரையெல்லாம் உருளைக்கிழங்கு போல உருண்டைக் கற்கள். பகலில் குடித்த வெயிலைக் கற்கள் ராத்திரி கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும் என்பார்கள். என் செருப்புக்கு மட்டும் பகலிலேயே கொடுத்துவிட்டன.

ஒரு நாள் பொழுது சாயும்போது ஒராஞ்சுக்குப் போனேன். சீட்டு வாங்கக் காசில்லை. அரங்கு சாய்ந்திருக்கும் சேன் எத்ரோப் குன்றில் ஏறி நின்றேன். கீழே ஒத்திகை. ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள், யாரோ நிறுத்தி நிறுத்தித் திருத்தினார்கள். மேடையில் அவள் விரல் அளவுதான் தெரிந்தாள். குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது. ஒன்பதாவது தடவையோ பத்தாவதோ, அவள் பாடாமல் வெறுமனே நின்றாள். மொத்த அரங்கிலும் சத்தமே இல்லை. நான் மேலே ஒரு கல்லை மிதித்தேன், அது உருண்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள்.

மறுநாள் தோட்டத்து முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் வேறு கதை சொன்னார். அந்த இடிபாட்டில் மறுபடி விழா தொடங்கியது 1869இல். பில்லொக்செரா பூச்சி ரோன் கரைத் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. முந்தைய வருடம்தான் வேரில் பூச்சியைக் கண்டுபிடித்திருந்தார்கள். "கொடியெல்லாம் செத்துக்கொண்டிருந்தது, ஊர் பாட்டுக் கேட்கப் போனது" என்றார். திட்டினாரா பெருமைப்பட்டாரா, தெரியவில்லை.

குளிர்க்காரி

நான் போனேன், மிஸ்த்ரால் என்கிற குளிர்காற்று அடித்தது, முதல் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

ஜூலைதானே என்று மெல்லிய உடுப்பில் போகாதீர்கள். பார்வையாளர் வடக்குப் பார்த்து உட்காருகிறோம், மிஸ்த்ராலும் வடக்கிலிருந்து வருகிறது. மதில் தடுக்கும் என்பார்கள். தடுத்த மிச்சமே போதும். சால்வை ஒன்று, கம்பளிச் சட்டை ஒன்று. கல் படி, எனவே தடித்த மெத்தை கட்டாயம். காற்று நிரப்பும் வகை வேண்டாம், எனக்குப் பக்கத்தில் ஒருவருடையது சோகக் காட்சியில் வெடித்தது. மேல் படிகள் மலிவு, சத்தமும் நன்றாக வரும், ஆனால் ஏற்றம் செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருங்கள். கீழ்ப் படி ஒன்றில் "மூன்று வரிசை குதிரைவீரர் வகுப்புக்கு" என்று லத்தீனில் சுருக்கி வெட்டியிருக்கும், பாருங்கள். அன்றைக்கும் முன்வரிசை பெரிய இடத்துக்காரர்களுக்குத்தான். 2006இல் போட்ட கண்ணாடிக் கூரை மேடைக்கு மட்டும், நமக்கு இல்லை, மழை வந்தால் நனைய வேண்டியதுதான். பாட்டு இருட்டிய பிறகே தொடங்கும், முடிய நடுநிசி தாண்டும், ரயில் இருக்காது. தங்க இடத்தை முன்பே பிடியுங்கள். பகலில் பார்ப்பவர்களுக்குத் தொப்பி. தண்ணீர். பிள்ளைகளுக்குப் பிஸ்கட்.

வரலாறு வாத்தி

யாரும் கேட்கவில்லையே அம்மா. சரி, துளை விஷயம். உச்சியில் இல்லை என்றால் பளிங்குப் பலகை பதித்த கொக்கித் துளையாக இருக்கும். அந்த மதிலின் உட்பக்கம் பளிங்கு போர்த்தியிருந்த காலம் உண்டு.

செவ்ரான் மகள்

சார், நாலு விரல் போய்விட்டு இன்னும் இடம் இருந்தது. கொக்கிக்கு அவ்வளவு பெரிய துளையா?

பழைய பாண்டி

நான் அவிஞ்ஞோனில் ஒரு ஓட்டலில் துணி தேய்க்கும் வேலையில் இருந்தேன். என்னோடு வேலை செய்த அம்மாள் ஒருத்தி 1974 ஜூலை 20 அன்று அங்கே இருந்தவள். ஸ்பானியப் பாடகி மொன்செராத் கபாயே "நோர்மா" இசைநாடகத்தைப் பாடிய இரவு. பேய்க்காற்று. அதைப் படமும் பிடித்திருக்கிறார்கள், உடையும் முக்காடும் பறப்பது தெரியும். ஆனால் அம்மாள் செய்து காட்டுவதுதான் எனக்குப் படம். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை உதறித் தோளில் போட்டுக்கொள்வாள். மின்விசிறிக்கு எதிரே போய் நிற்பாள். கண்ணை மூடுவாள். பாட மாட்டாள், வாயை மட்டும் திறப்பாள். விரிப்பு பின்னால் பறக்கும். நாங்கள் சிரிப்போம், அவள் சிரிக்க மாட்டாள். ஒரு முறை கண்ணைத் திறந்தபோது கண்ணீர் நின்றது. அதற்கப்புறம் செய்து காட்டு என்று நான் கேட்டதில்லை.

செவ்ரான் மகளுக்கு ஒரு கேள்வி. கிழவர் சொன்னது "குய்சின்" தானா? "கூசின்" ஆக இருக்கலாமோ? முதலாவது சமையலறை, இரண்டாவது மாமன் மகளோ சித்தி மகளோ, உறவுக்காரப் பெண். தெற்கத்திக்காரர்கள் கடைசி எழுத்தை இழுத்துப் பேசுவார்கள், புதிதாகக் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

செவ்ரான் மகள்

ஐயோ. இப்போது சத்தமாக இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன், இரண்டும் அவர் குரலிலேயே வருகிறது. உறவுக்காரப் பெண் என்றால் குழிக்குள் ஏன் கை விட வேண்டும்? அவர் விரலில் வெள்ளையாகக் கல்தூள் ஒட்டியிருந்தது, அதைக் கால்சட்டையில் துடைக்காமலேயே போனார்.

குளிர்க்காரி

நீங்கள் தொப்பி எடுத்துப் போனீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.